நாலேகால் மணி நேரம்

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். சொந்தம் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷமாக எதிர்வீடு என்றால் அத்தைதானே! வயது அறுபத்தெட்டு. ஒரே மகள், கல்யாணமாகி சிங்கப்பூரில் செட்டில். அவளுடைய பிரசவத்துக்காக அத்தை முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார். மருமகன் அனுப்பிய டிக்கெட்டை பிரின்ட் எடுத்து, நாலாக மடித்து, சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏஞ்சாமி, சிங்கப்பூரு போக எத்தன நேரமாகும்?"

"நாலேகால் மணி நேரமுங்கத்தை."

அத்தை டிக்கெட்டைப் பிரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ராத்திரி எட்டு மணிக்குக் கெளம்பி, வெடியக்காலம் ரெண்டேமுக்காலுக்கு எறங்குதுன்னு போட்டிருக்குது. ஆறேமுக்கால் மணி நேரமல்ல வருது? எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டயா?"

பி.காம். படித்தவனிடம் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்தால் நாலேகால்தான் என்று விளக்கினேன். அத்தை விடவில்லை. "அதென்ன கணக்கு ரெண்டரை? ரெண்டுன்னா ரெண்டு, மூணுன்னா மூணு. அரைய யாரு சேத்துனது?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து மகனுடைய பூகோள உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று ராத்திரி ஆரம்பித்தது, பல வாரம் என்னை விடவில்லை.

முதலில் தூரம். உருண்டையில் கோவையில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை சிங்கப்பூரில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். (நூலுக்கா பஞ்சம் நம்ம ஊரில்!) சுமார் 3,160 கிலோமீட்டர். டெல்லிக்கு இங்கிருந்து வானவழியில் 1,950 கிலோமீட்டர் வரும். அதைப்போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. நூல் போகிற வழி இருக்கிறதே, அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பீளமேட்டில் கிளம்பி, கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே நுழைந்து, புதுக்கோட்டை மேலே போய், கோடியக்கரைக்குச் சற்றுத் தெற்கே கடலில் இறங்குகிறது. நாகப்பட்டினத்துக்கு எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. அப்புறம் வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்டி, சுமத்ராவின் வடக்கு முனையைத் தொட்டு, மலாக்கா ஜலசந்தி ஓரமாக சிங்கப்பூர். பைலட்டுகள் இதே கோட்டில் அச்சுப் பிசகாமல் ஓட்டுவதில்லை. வான்வழிப் பாதைகள் என்று தனியாக இருக்கின்றன, கொஞ்சம் வளையும், நெளியும். ஆனால் கிட்டத்தட்ட இதுதான் வழி.

நாகப்பட்டினம் என்ற பேரைக் கேட்டதும் எனக்கு எங்கள் பெரிய அப்பாரு ஞாபகம் வந்துவிட்டது. அவரிடம் வருகிறேன். முதலில் அத்தையின் 'அரை'யைத் தீர்த்துவிடுவோம்.

சூரியன் ஒரு பாகை நகர நாலு நிமிஷம். கோவைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 27 பாகை. பெருக்கினால் ஒரு மணி 48 நிமிஷம். அதாவது, சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. கடிகாரமோ இரண்டரை என்கிறது. நடுவில் இருக்கிற 42 நிமிஷம் அரசாங்கங்கள் போட்டது.

நம் கடிகாரமும் சூரியனைவிட 22 நிமிஷம் முன்னால்தான், ஆனால் அது வித்தியாசத்தைக் குறைக்கவே செய்கிறது. 1906 ஜனவரி 1-ம் தேதி இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று வைத்தபோது, அலகாபாத் பக்கமாகப் போகிற 82½ பாகைக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். கோவை அதற்கு மேற்கே இருப்பதால், நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 22 நிமிஷம். மிச்சமுள்ள கதை சிங்கப்பூருடையது. அந்த ஊர்க் கடிகாரத்தை மாதிரி அடிபட்ட கடிகாரம் ஆசியாவில் குறைவு. 1905-ல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933-ல் இருபது நிமிஷம் கூட்டினார்கள். 1941-ல் இன்னொரு பத்து. 1942 பிப்ரவரி 15-ம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது. ஜப்பான்காரர்கள் வந்த கையோடு கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே தள்ளு! 1945-ல் அவர்கள் போனதும் பழையபடி ஏழரை. கடைசியாக 1982 ஜனவரி 1. மலேசியாவில் மகாதீர் ஆட்சி, சபா, சரவாக் பகுதிகளுக்கும் தீபகற்பத்துக்கும் ஒரே நேரம் என்று அரை மணி கூட்டியது. வியாபாரம் முழுக்க மலேசியாவோடு என்பதால் சிங்கப்பூரும் கூடவே கூட்டிக்கொண்டது.

ஆக, அத்தை கேட்ட அரையைச் சேர்த்தது 1982. அதற்கு முந்தின நாள் வரை வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம்தான். அத்தை இதைக் கேட்டு, "நாஞ் சொன்னனல்ல" என்ற மாதிரி தலையாட்டினார்.

இன்னொரு வேடிக்கை. யுத்த காலத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தியாவும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தது. 1942 செப்டம்பரில் இருந்து 1945 அக்டோபர் வரை. அங்கே டோக்கியோ நேரம், இங்கே யுத்த நேரம். கழித்துப் பாருங்கள். அன்றைக்கும் இரண்டரை மணி நேரமே! ஆனால் அந்த இரண்டரையைத் தாண்டிப் போக ஒரு கப்பல் கிடையாது, ஒரு தபால் கிடையாது.

*

இப்போது பெரிய அப்பாரு. எங்கள் அப்பாருவின் அண்ணன். காங்கேயம் பக்கம் மானாவாரி பூமி, வானம் பார்த்த பிழைப்பு. 1936-ல் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போனவர். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை. அவர் போன கதையை அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூடும் அல்லது குறையும். மொத்தத்தில் இதுதான் வழி.

மாட்டு வண்டியில் ஈரோடு. அங்கே ரயில். கொங்கு நாட்டுக்கு அன்று கடல் வாசல் என்றால் அது நாகப்பட்டினம்தான். 1860-களிலேயே நாகையிலிருந்து திருச்சி, கரூர் வழியாக ஈரோடு வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். வரைபடத்தில் பாருங்கள், அந்த ரயில் காவிரி கூடவேதான் கடலுக்குப் போகும். நாகையில் காத்திருந்து கப்பல். பெயர், எஸ்.எஸ். ரஜூலா.

ரஜூலாவைத் தெரியாத பழைய தலைமுறை கிடையாது. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடையாக நடந்தது. டெக் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் ஏற்றலாம் என்று ஆரம்பத்தில் அதற்கு அனுமதி இருந்தது. ஐயாயிரம்! இன்று கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் சின்ன ஜெட்டில் ஏறுவது 180 பேர் சுமார். அப்படி இருபத்தேழு விமானக் கூட்டம் ஒரே கப்பலின் மேல்தளத்தில், பாய் விரித்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

கடலில் ஒரு வாரம். அதோடு முடியவில்லை. அம்மை, காலரா பயம். டெக் டிக்கெட்காரர்களை ஊருக்குள் நேராக விடமாட்டார்கள். பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் இறங்கினால் செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கே அடைத்து வைத்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, துணிமணியை வேக வைத்துக் கொடுத்து, நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விடுதலை. முதல் வகுப்பில் வந்த துரைகளுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. காலராவுக்கும் டிக்கெட் கிளாஸ் தெரியும் போலிருக்கிறது.

வீட்டுப்படி தாண்டின நாளிலிருந்து சிங்கப்பூர் தெருவில் கால் வைத்த நாள் வரை ஏறக்குறைய ஒரு மாசம் என்பது அப்பாரு கணக்கு.

பெரிய அப்பாரு வருஷத்துக்கு மூன்று நாலு கடுதாசி போடுவார். கடைசிக் கடுதாசி 1941 கடைசியில் வந்தது. அப்புறம் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. மூன்றரை வருஷம் ஒன்றும் இல்லை. செத்தாரா, இருக்கிறாரா, நேதாஜி படையில் சேர்ந்தாரா, சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா... யாருக்கும் தெரியாது. சயாம் போனவர்களில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் பெரிய அம்மாயி பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று பஞ்சாயத்து நடந்திருக்கிறது. அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "கண்ணுல பாக்காம நான் எப்படி அழிக்கறது?" 1946-ல் கடுதாசி வந்தது. நாலே வரி. சுகம், நீங்கள் சுகமா, மாடு கன்று எப்படி, பணம் பிறகு அனுப்புகிறேன்.

அதே காலத்தில் இங்கே நம்ம ஊரில் என்ன நடந்தது தெரியுமா? பீளமேட்டில் 1940-ல்தான் சின்னதாக ஒரு விமானத் தளம் வந்திருந்தது. யுத்தம் கடுமையானது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. கடலோரத்தில் எதுவும் பத்திரமில்லை. பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களை ரிப்பேர் செய்ய உள்ளே தள்ளி இடம் தேடி, கோவையில் ஒரு பெரிய பட்டறை போட்டது. கடற்படை வழக்கப்படி கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயர்தான் வைப்பார்கள். ஆகவே நூறு கிலோமீட்டருக்குச் சமுத்திரமே இல்லாத கோயமுத்தூரில் 'எச்.எம்.எஸ். கருடா' என்று ஒரு 'கப்பல்' நங்கூரம் போட்டு நின்றது. சிங்கப்பூர் பக்கம் போக வழியில்லாமல் எங்கள் வீடு அழுதுகொண்டிருந்தபோது, சிங்கப்பூரை மீட்கப் போகிற கடற்படைக்கு நம்ம ஊரில் விமானம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

சரி, விமானத்துக்கு வருவோம்.

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை விமானத் தபால் 1934 டிசம்பரில் ஆரம்பித்தது. சிங்கப்பூர் வரை இம்பீரியல் ஏர்வேஸ், அதற்கப்பால் குவான்டாஸ். அந்த வழி கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன் என்று வடக்கே சுற்றிப் போய்விட்டது. தெற்கே நம்மைத் தொடவே இல்லை. ஏர் இந்தியா 1954-ல் சிங்கப்பூருக்குப் பறக்க ஆரம்பித்தது. சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம், நாலு விசிறி, மணிக்கு 500 கிலோமீட்டர் மாதிரி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,920 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் பிடிக்கும். 1960-ல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 வந்தது. 1962-ல் முழுக்க முழுக்க ஜெட் விமானமே ஓட்டும் கம்பெனியாக ஏர் இந்தியா ஆனது, உலகத்திலேயே முதலாவதாக! 707-ன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் சுமார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இன்றைய ஜெட்டின் வேகம் என்ன? எண்ணூற்று முப்பது, நாற்பது. அதாவது அறுபது வருஷமாக வானத்தில் வேகம் கூடவே இல்லை. எண்ணெய்ச் செலவைப் பார்த்துக் கொஞ்சம் குறைந்துகூட இருக்கிறது. 1962-ல் ஒருவர் பீளமேட்டிலிருந்து நேராக ஒரு 707-ல் ஏறியிருந்தால், எங்கள் அத்தையைவிட முன்னதாக சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருப்பார்! ஏறுவதற்கு 707 இங்கே வராது, அவ்வளவுதான் விஷயம். பீளமேட்டில் இறங்கியது டகோட்டா, ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப், ஆவ்ரோ போன்ற விசிறி விமானங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓடுபாதையை நீட்டுவதற்காக நிலையத்தையே மூடினார்கள். சூலூர் விமானப்படைத் தளத்தில் போய் ஏற வேண்டியிருந்தது. 1987-ல் திறந்த பிறகுதான் ஜெட் எல்லாம்.

கப்பல் கதையும் அதற்குள் முடிந்துவிட்டது. ரஜூலா 1973-ல் ஓய்வு, மறு வருஷம் உடைப்புக்கூடம். அடுத்து 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரி 12-ம் தேதி சென்னையை நெருங்கும்போது தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பல் பாதையும் முடிந்தது. அதன் பிறகு ஏழை பாழை எல்லோரும் ஆகாயம்தான்.

என் முதல் சிங்கப்பூர் பயணம் 2004. வரவு செலவு எழுதுகிற புத்தி ஆயிற்றே, ஒரு பேப்பரில் குறித்து வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி சேரன் எக்ஸ்பிரஸ். காலையில் சென்னை. பகல் முழுக்கத் திருவல்லிக்கேணியில் சித்தப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு விமானம். சிங்கப்பூரில் இறங்கியது நம்ம நேரம் மூன்றேகால். மொத்தம் முப்பதேகால் மணி நேரம். அதில் பறந்தது நாலேகால்! மிச்சம் இருபத்தாறு மணி நேரமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே செலவு.

கொச்சி வழியாகப் போகலாமே என்பீர்கள். 1999-ல் நெடும்பாசேரி திறந்த பிறகு பாதிக் கோயமுத்தூர் அங்கேதான் விமானம் ஏறியது. வாளையாறு செக்போஸ்ட் தாண்டி, பாலக்காடு தாண்டி, குதிரான் மலை. அந்தக் குதிரானில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டால் முடிந்தது கதை. விமானத்தைத் தவறவிட்ட ஆட்களை எனக்கே நாலு பேர் தெரியும். சுரங்கப்பாதை திறந்தது 2021-ல்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மலையேற்றத்தில் எண்ணிய நிமிஷங்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

கோவையிலிருந்து நேராக ஏன் விடவில்லை? தூரமா? இல்லை. ஓடுபாதையா? சின்ன ஜெட்டுக்கு இருந்தது போதும். தடையாக இருந்தது காகிதம். ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, ஊர் ஊராகப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த லிஸ்ட்டில் பெயர் இல்லாத ஊருக்கு எத்தனை பயணிகள் வரிசையில் நின்றாலும் விமானம் வராது. 2003-ல் பிரதமர் வாஜ்பாய் பாலித் தீவு மாநாட்டில், தென்கிழக்கு ஆசிய விமானங்கள் இந்தியாவில் பதினெட்டு சுற்றுலா ஊர்களுக்குத் தாராளமாக வரலாம் என்று அறிவித்தார். திருச்சி இருந்தது. கொச்சி இருந்தது. திருவனந்தபுரம், கோழிக்கோடு இருந்தன. கோயமுத்தூர் இல்லை. சுற்றுலா ஊர் என்று தேடினால் நம்மை எங்கே கண்டுபிடிப்பது? ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் நம்மைத் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். மோட்டார் பம்ப்பையும் பஞ்சாலையையும் பார்க்க யார் விமானம் ஏறி வருவார்கள் என்று டெல்லியில் நினைத்திருக்கலாம்.

2007-ல் சில்க் ஏர் வந்தது. வாரத்தில் சில நாள்தான். இருந்தாலும் பீளமேட்டில் ஏறி சாங்கியில் இறங்கலாம். முப்பது மணி நேரம் ஒரே நாளில் எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. விமானம் ஒரு கிலோமீட்டர்கூட வேகம் கூட்டவில்லை, கவனியுங்கள். பிறகு அதன் சகோதரக் கம்பெனி ஸ்கூட் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 2012 அக்டோபரில் கோவைக்கு 'சர்வதேச விமான நிலையம்' என்ற பட்டமும் கிடைத்தது. சிங்கப்பூர் விமானம் வந்து ஐந்து வருஷம் கழித்து! நம் நாட்டில் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் பெயர் வைப்பார்கள்.

*

பெரிய அப்பாரு காலத்துக் கதை இனி வராது என்றுதான் நினைத்திருந்தோம். 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமான சர்வீஸ் எல்லாவற்றையும் இந்தியா நிறுத்தியது. வழக்கமான சர்வீஸ் மறுபடி ஆரம்பித்தது 2022 மார்ச் 27. இரண்டு வருஷம், நாலு நாள். நடுவில் அரசாங்கம் ஏற்பாடு செய்த சிறப்பு விமானங்கள் ஓடின. அதில் இடம் கிடைத்து சிங்கப்பூரில் இறங்கினால் பதினாலு நாள் ஹோட்டல் ரூமில் தனிமை. ஒரு கட்டத்தில் இருபத்தொரு நாள். நான் செயின்ட் ஜான்ஸ் தீவை நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை துரைமார்களுக்கும் விலக்கு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தையின் கணவர், மாமா, போய்ச் சேர்ந்தது அந்த இரண்டு வருஷத்துக்குள்தான். மகளால் வர முடியவில்லை. செல்போனில் பார்த்தாள். ஆத்துப்பாலம் மின்மயானத்தில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை நடுங்கியதில் அவளுக்குப் பாதி தெரிந்திருக்காது. 1941-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், அன்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது நல்லதா, கெட்டதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விமான நிலையத்தைப் பெரிசு பண்ணுங்கள், ஓடுபாதையை நீட்டுங்கள், அப்போதுதான் பெரிய விமானங்கள் வரும் என்று நாங்கள் பத்திரிகைக்காரர்கள் எழுதாத நாள் கிடையாது. நானும் எழுதியிருக்கிறேன். இப்போது இருப்பது மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஓடுபாதை. அதை நீட்ட, நிலையத்தை விரிக்க, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, நீலாம்பூர் பக்கம் அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதாக 2010 வாக்கில் முடிவானது. அப்புறம் என்ன ஆனது? வருஷங்கள் ஆனது. நிலத்துக்கு விலை என்ன என்பதில் இழுபறி. பணம் ஒதுக்குவதில் இழுபறி. நிலத்தை வாங்கிக் கொடுக்கும் மாநில அரசு, நாளைக்கு நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் எங்கள் பங்கு என்ன என்று கேட்டதில் இழுபறி. அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி, நிலத்தை விமான நிலைய ஆணையத்திடம் ஒப்படைக்கத் தமிழக அரசு வழிவிட்டது 2024-ல்.

கூடப் படித்த ஒருவனுடைய குடும்பத்துக்கு அந்தக் கோட்டுக்குள் ஒன்றரை ஏக்கரும் ஓட்டு வீடும் இருந்தது. எடுக்கப் போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது, எடுக்கவும் இல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆள் வராது. அடமானம் வைக்கலாம் என்றால் பேங்கில் சிரிப்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த நிலத்தைத்தான் நம்பியிருந்தார்கள். கல்யாணம் வட்டிக்கு வாங்கி நடந்தது. "எங்க வீட்டுக் கூரைக்கு மேலதான்டா உங்க சிங்கப்பூர் பிளேன் எறங்குது. ஓடு கடகடன்னு ஆடும். எனக்குத்தான் ஒரு தடவகூட ஏற முடியல" என்றான். நான் எழுதின கட்டுரைகளை அவன் படித்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தை கிளம்பும் நாளில் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் நாலே முக்காலுக்கே வந்து கதவைத் தட்டிவிட்டார். பீளமேட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். "மூணு மணி நேரம் முன்னாலயே வரச் சொல்லிப் போட்டிருக்குதே" என்றார். சரிதான். பருப்புப்பொடி, கொள்ளு, பச்சக்குழந்தைக்கு வசம்பு, பிரசவ மருந்து லேகியம் என்று ஒரு பெட்டி. மாமாவின் பழைய எச்.எம்.டி. வாட்ச்சைக் கையில் கட்டியிருந்தார், பட்டை தொளதொளவென்று ஆடியது.

ராத்திரி பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. மகளுடைய நம்பர், பேசியது அத்தை.

"வந்து சேந்துட்டேன் சாமி. நீ சொன்னது சரிதான், நாலேகால்தான் ஆச்சு. வாட்ச்சப் பாத்துட்டே வந்தேன். இங்க மணி மூணாகப் போவுதுங்கறாங்க. வாட்ச்சத் திருப்பி வைங்கம்மாங்கறா இவ."

"வச்சுட்டீங்களா?"

"இல்ல. மாமா வச்ச மணி, அப்படியே இருக்கட்டும். நீ தூங்கு."